சிவப்பு வராத திரை

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். ஒரு பழக் கிடங்கின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, திரையில் ஓடும் எண்களில் எது பொய் சொல்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சந்தேகப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் அந்த நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போகலாமே!

அவருக்கும் அதே கிடங்கில்தான் வேலை. மெக்கானிக். கம்ப்ரசர், காற்றாடி, வால்வு, கதவு, எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது நான். வாக்கி டாக்கியில் கூப்பிடுவேன், பதில் சொல்வார். அந்தப் பதில் சரிதானா என்று இன்னொரு தரம் கேட்பேன். இதனால் எனக்கு அங்கே 'போலீஸ்' என்று பேர். ஷிப்ட் சூப்பர்வைசருக்கு 'ஓகே சார்' என்று பேர். யார் எதைச் சொன்னாலும் ஓகே என்பார். இரண்டு பேரில் யாரால் கிடங்குக்கு அதிக ஆபத்து என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் கிடங்கில் ஆப்பிள்கள் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அதற்கு வெறும் குளிர் போதாது. அறையை இறுக்கி மூடி, உள்ளே நைட்ரஜனை விட்டு, ஆக்சிஜனைத் துரத்திவிடுவோம். பழம் மூச்சு விட முடியாமல் அப்படியே தூங்கிப்போகும். மனுஷன் உள்ளே போனால் அவனும் அப்படியே தூங்கிப்போவான், எழுந்திருக்க மாட்டான். அதில் கொடுமை என்னவென்றால் நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அதனால் எந்த அறைக்குள் யார் போவதென்றாலும் முதலில் கன்ட்ரோல் ரூமைக் கேட்க வேண்டும். ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது என்று திரை சொன்னால் அது வெளிக்காற்று, தாராளமாகப் போகலாம். இரண்டு, மூன்று என்று சொன்னால் அது சாவு.

அந்த எண் என் திரைக்கு வரும் வழியில்தான் இந்தக் கதையே இருக்கிறது. ஒவ்வொரு அறை வாசலிலும் பழைய கன்ட்ரோலர் ஒன்று சுவரில் இருக்கும். ஆக்சிஜன், வெப்பம் எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் அது தானாக வாய் திறக்காது. யாராவது கேட்டால்தான் சொல்லும், அதையும் தன் பழைய பாஷையில்தான் சொல்லும். புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு அந்தப் பாஷை சுத்தமாகத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு பெட்டியை வைத்தார்கள். கேட்வே என்று அதற்குப் பேர். அது ஒவ்வொரு அறையாகக் கூப்பிட்டு, "உன் ஆக்சிஜன் எவ்வளவு, உன் வெப்பம் எவ்வளவு" என்று கேட்டு, வந்த பதிலை எண் போட்ட கட்டங்களில் போட்டு வைக்கும். கம்ப்யூட்டர் வந்து அந்தக் கட்டங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதாவது, என் திரை அறையைப் பார்ப்பதே இல்லை. பெட்டி சொல்வதைப் பார்க்கிறது.

"அப்ப பெட்டி பொய் சொன்னா?" என்று முதல் நாளே கேட்டேன்.

பெட்டியை மாட்ட வந்த இன்ஜினியர், நாங்கள் பெட்டிக்காரர் என்று கூப்பிடுவோம், இஸ்திரி கலையாத சட்டையோடு சிரித்தார். "பெட்டிக்கு எதுக்கு மேடம் பொய் சொல்லத் தெரியப்போகுது?"

சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆரம்பத்தில் பெட்டியால் எனக்கு நிம்மதி இல்லை. கிடங்கில் ஓடுவதெல்லாம் பழைய ஒயர். எங்கேயாவது ஈரம் பட்டால் போதும், அந்த அறை கொஞ்ச நேரம் வாய் திறக்காது. உடனே திரையில் சிவப்பாக 'பதில் இல்லை' என்று வரும். வந்ததும் நான் வாக்கி டாக்கியை எடுப்பேன்.

"ரெண்டாம் ரூம் பதில் இல்ல. என்னன்னு பாருங்க."

"பார்த்துட்டேன். சரியா இருக்கு."

"அதுக்குள்ளயா? நிஜமா போய்ப் பார்த்தீங்களா?"

"போய்த்தான் பார்த்தேன்."

"வாசல் வரைக்கும் போனீங்களா, இல்ல அங்க உட்கார்ந்த இடத்துலேருந்தே பார்த்தீங்களா?"

கிடங்கு முழுக்க ஒரே அலைவரிசை. இதையெல்லாம் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வேலை வேலைதானே.

பிறகு திடீரென்று ஒரு நாளிலிருந்து சிவப்பு நின்றுபோனது. ஒரு வரிகூட வரவில்லை. எல்லா அறையும் சமர்த்தாக எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தன. மேனேஜர் வந்து திரையைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்காரரின் முதுகைத் தட்டினார். ஓகே சார் இரண்டு தரம் ஓகே சொன்னார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மழைக்காலத்தில்கூட நனையாத ஒயரா? அதே ஒயர்தானே, யாரும் மாற்றவில்லையே!

பெட்டிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். "என்ன பண்ணீங்க?"

"சின்னதா ஒரு செட்டிங் மேடம். சரி பண்ணிட்டேன்."

"ஒயரைச் சரி பண்ணீங்களா, திரையைச் சரி பண்ணீங்களா?"

அவர் கைப்பேசி அடித்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு கண்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கும் வீட்டுக்காரருக்கும் முட்டிக்கொண்டது. நாலாம் அறையைக் காலி செய்தார்கள். கதவைத் திறந்து போட்டு வெளிக்காற்றை விட்டார்கள். ஆக்சிஜன் ஏறி இருபது புள்ளி ஒன்பதுக்கு வந்தது. நைட்ரஜன் வால்வை மூடிவிட்டு, அறைக்கதவையும் சாத்தச் சொன்னார்கள். உள்ளே ஒரு காற்றாடி ரிப்பேர். சாமான் வந்ததும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"வால்வை மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்."

"கையால மூடினீங்களா, வாயால மூடினீங்களா?"

அலைவரிசையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவி, லாரி ஏற்றுகிற இடம் வரைக்கும் போனது. அவர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஓகே சாரிடம் கேட்பார், ஓகே சார் என்னிடம் கேட்பார், நான் ஓகே சாரிடம் சொல்வேன். எனக்கும் ரோஷம் இருக்காதா? கேட்டது தப்பா என்ன? போனால் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் இந்த வேலை என் நாத்தனார் தலையில் விழுந்தது. அவள் எங்களோடுதான் இருக்கிறாள். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வெடுக்கென்று பேசுவாள், ஆனால் சண்டை என்றால் அவளுக்கு ஆகாது. நான் சமையலறையில் நின்று, "உங்கண்ணனுக்குச் சாப்பாடு கட்டணுமான்னு கேளு" என்பேன். அவள் ஹாலுக்குப் போவாள், திரும்பி வருவாள். "கட்டச் சொன்னார் அண்ணி." "ராத்திரி வீட்டுக்கு வர லேட் ஆகுமான்னு கேளு." "ஆகாதாம் அண்ணி." ஒரு வழியாகக் குடும்பம் ஓடியது. அண்ணனும் தங்கையும் கூட்டுச் சேர்ந்து எதையாவது மறைக்கிறார்களோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஹாலில் பேச்சுச் சத்தமே கேட்பதில்லை, ஆனால் பதில் மட்டும் வருகிறதே? பக்கத்தில் போய்க் கேட்டுப் பார்க்க ரோஷம் விடவில்லை.

காற்றாடி சாமான் வந்த அன்றைக்கும் அப்படித்தான். சாப்பாடு வேண்டும் என்றார் என்று அவள் சொன்னாள், நான் கட்டினேன். மத்தியானம், பழக்கூடைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணன் கன்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் என் டப்பா, தொடாத டப்பா.

"என்ன தங்கச்சி, அவரு வேணும்னு சொல்லாமயே கட்டினியாமே? கேன்டீன்ல சாப்பிட்டுட்டு, இதை என்னை எடுத்துக்கச் சொல்றாரு. எனக்கும் வயிறு நிறைஞ்சிடுச்சு."

"அப்ப வேணும்னு யாரு சொன்னது?"

"அது எனக்கென்ன தெரியும்?" டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். "நான் போகணும். நாலாம் ரூம்ல வேலை இருக்கு, நான்தான் வெளியில நிக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேண்டும் என்றவர் இப்போது எப்படிச் சொல்லவே இல்லை என்கிறார்? அவர் பொய் சொன்னாரா, இவள் பொய் சொன்னாளா? கடைக்குப் போன் போட்டேன்.

"ஏய், உண்மையைச் சொல்லு. உங்கண்ணன் காலைல சாப்பாடு வேணும்னு சொன்னாரா?"

அந்தப் பக்கம் அவள் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

"சொல்லுடி!"

"அண்ணி... திட்டாதீங்க. நான் கேட்டேன். அவரு வாயே திறக்கல."

"அப்ப கட்டச் சொன்னார்னு ஏன் சொன்ன?"

"முன்னாடி ஒரு நாள் கட்டச் சொன்னாருல்ல. அதையே சொன்னேன்."

"ராத்திரி லேட் ஆகாதுன்னது?"

"அதுவும் பழசுதான். கேட்டா பேச மாட்டேங்கிறாரு. பேசலேன்னு வந்து சொன்னா நீங்க உடனே ஆரம்பிச்சிடுவீங்க. அதான் கடைசியா என்ன சொன்னாரோ அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். வீடு அமைதியா இருந்துச்சா இல்லையா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. என் கண் எதிரே திரை இருந்தது. நாலாம் அறை, ஆக்சிஜன், இருபது புள்ளி ஒன்பது. காலையில் நான் ஷிப்ட் எடுக்கும்போதும் அதேதான். நேற்றும் அதேதான். ஓகே சார் உள்ளே போகலாமா என்று சற்று முன் கேட்டபோது, நான் படித்துச் சொன்னதும் அதைத்தான்.

மற்ற அறைகளைப் பார்த்தேன். எதுவும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. இரண்டு புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, மறுபடி புள்ளி ஒன்று என்று கடைசி எண் ஆடிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிற கருவி கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். நாலாம் அறை மட்டும் அசையவே இல்லை. வெளிக்காற்றுதானே, அதனால் அசையவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதே அறையின் வெப்பத்தைப் பார்த்தேன். ஒரு டிகிரி. காலி அறை, கூலிங்கை நிறுத்தி நாளாகிவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது. அந்த அறை இன்னும் ஒரு டிகிரியில் எப்படி இருக்கும்? எல்லோரும் ஆக்சிஜனை மட்டும்தான் பார்த்தோம். நானும்தான். இந்தப் போலீஸும்தான்!

அந்த அறை வாயை மூடி நாளாகிவிட்டது. பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது, பதில் வரவில்லை. கடைசியாக வந்த எண்ணையே எடுத்து எடுத்து எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"நாலாம் ரூமுக்குள்ள போகாதீங்க! எண் தப்பு! உள்ள போகாதீங்க!"

பதில் இல்லை.

"ஏங்க, கேக்குதா? உள்ள போகாதீங்க, வெளியில நில்லுங்க!"

ஒரு சத்தமும் இல்லை. என் குரல் என்றால் அவர் பதில் சொல்ல மாட்டார், அது தெரிந்ததுதான். இப்போது பேசாமலிருப்பது கோபத்தாலா, இல்லை பேச முடியாமலா? அதை இங்கே உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஓகே சாரைக் கூப்பிட்டேன். "என்னம்மா, நீ ஓகேன்னு சொன்னதும் நான் அப்பவே ஓகே சொல்லிட்டேனே" என்றார், லாரி இரைச்சலுக்கு நடுவில். கன்ட்ரோல் ரூமைக் காலியாக விட்டுவிட்டு வெளியேறக் கூடாது என்பது சட்டம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. ஓடினேன்.

அந்த நீள வராந்தாவில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். இரண்டு இடத்தில் வழுக்கினேன். ஓடும்போது ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: அவர் வாசலில் நின்றுகொண்டு, என் குரலைக் கேட்டும் கேட்காத மாதிரி முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு என் மேல் அத்தனை கோபம் இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

நாலாம் அறையின் பெரிய தள்ளுகதவு ஓர் ஆள் போகிற அளவுக்குத் திறந்திருந்தது. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன், வாக்கி டாக்கியை சீட்டில் போட்டுவிட்டு, தன் வண்டிமேல் சாய்ந்தபடி கைப்பேசியில் சத்தமாகப் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவரு?"

"இப்பத்தான் உள்ள போனாரு. ஏன், என்னாச்சு?"

எட்டிப் பார்த்தேன். காலி அறை, நடுவில் ஒரு விளக்கு, அந்தக் கோடியில் காற்றாடிக்குக் கீழே ஏணி. அவர் ஏணியில் இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பைக்கு வெளியே விழுந்தது. எடுத்தார், மறுபடி போட்டார், மறுபடி வெளியே விழுந்தது.

"ஏங்க!"

திரும்பினார். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். இத்தனை நாளாக என் முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மூளை மயங்கி ஒரு சந்தோஷம் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அவர் தலை தொங்கியது, உடம்பு பக்கவாட்டில் சரிந்தது.

என் கால் தானாக வாசல்படியைத் தாண்டப் போனது. அண்ணன் என் கையை முறுக்கிப் பிடித்து இழுத்தார்.

"பைத்தியமா உனக்கு? நீயும் விழுந்தா ரெண்டு பேரை யாரு இழுக்கிறது? கயிறு, தங்கச்சி, கயிறு!"

அப்போதுதான் பார்த்தேன். கதவின் கைப்பிடியில் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அது தரையோடு ஓடி அவர் இடுப்பில் போய் முடிந்தது. உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்று சட்டம் உண்டு. திரை சரி என்று சொன்ன பிறகு ஒருத்தரும் கட்டுவதில்லை. கையில் எடுத்துப் போகும் ஆக்சிஜன் மீட்டரைச் சர்வீசுக்கு அனுப்பியிருந்தார்கள். அது வராததால் இவர் கயிறாவது இருக்கட்டும் என்று கட்டியிருக்கிறார். வாயால் கட்டவில்லை, கையால் கட்டியிருக்கிறார்.

இரண்டு பேரும் இழுத்தோம். வழவழப்பான தரையில் அவர் வந்துகொண்டே இருந்தார், ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. வராந்தாவில் வெகுதூரம் தள்ளிக் கொண்டுவந்து போட்டோம். உதடு நீலம். நான் கன்னத்தில் தட்டினேன், அடித்தேன், கெட்ட வார்த்தையில்கூடத் திட்டினேன் என்று அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பெரிய மூச்சு வந்தது, பின்னால் இருமல், பின்னால் கண் திறந்தது. என்னைப் பார்த்தார். பேச நாக்கு குழறியது.

"வால்வை... மூடித்தான் வச்சிருந்தேன்" என்றார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஓகே சாருக்கு வாயில் ஓகே வரவில்லை. என்னையும் கூட்டிப்போயிருப்பார்கள், ஆனால் மேனேஜர் என்னைத்தான் நிற்கச் சொன்னார். என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம். நாத்தனாருக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போய்ப் பார்த்தாயா, கண்ணால் பார்த்தாயா, மூச்சு விடுகிறாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "அண்ணி, என் எதிர்லதான் தண்ணி குடிக்கிறாரு. இது பழசு இல்ல, புதுசு" என்றாள்.

வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். நன்றாக இறுக்கித்தான் மூடியிருந்தது. உள்ளே ரப்பர் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. சாத்திய அறைக்குள் நைட்ரஜன் நாள்கணக்கில் கசிந்து நிரம்பியிருக்கிறது. கன்ட்ரோலரின் ஒயர், காலி செய்த அன்றைக்கு ஏதோ பலகை இடித்துப் பிய்ந்திருக்கிறது. கன்ட்ரோலரிலேயே சின்னத் திரை ஒன்று உண்டு. அது எப்போதோ செத்துப்போய், மாற்றலாம் மாற்றலாம் என்று அப்படியே விட்டிருந்தார்கள்.

பெட்டிக்காரர் அரக்கப் பரக்க வந்தார். சட்டை கசங்கியிருந்தது. அந்தக் கசங்கல்கூட நடிப்போ என்று எனக்குத் தோன்றியது. சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக அவரை மடக்கினேன்.

"சின்னதா ஒரு செட்டிங்னு சொன்னீங்களே, அது என்ன?"

எச்சில் விழுங்கினார். "மேடம், ஒரு கருவி பதில் சொல்லலேன்னா என்ன காட்டணும்னு பெட்டியில வைக்கணும். பூஜ்யம் காட்டலாம். 'பதில் இல்லை'ன்னு காட்டலாம். இல்லேன்னா கடைசியா வந்த எண்ணையே காட்டலாம். நான் முதல்ல 'பதில் இல்லை'ன்னுதான் வச்சிருந்தேன். நீங்களே பார்த்தீங்க, சிவப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"மாத்தச் சொன்னாங்க."

"யாரு? மேனேஜரா? ஓகே சாரா?"

அவர் மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்தான் மேடம். ஒயர் சும்மா விட்டு விட்டு வருது, அதுக்கெல்லாம் சிவப்பு வேணாம்னாரு. நான் மாத்தியிருக்கக் கூடாது. ஆனா கேட்டது அவருதான்."

பொய். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷன் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் பழியைத் தூக்கி அவர் தலையில் போடுகிறான். எனக்கு அப்படித்தான் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். நாத்தனார் என்னைப் பார்த்ததும் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவினாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எத்தனையோ கேட்க வேண்டும் என்று வந்தவள், முதலில் அவர் காலைத்தான் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"பெட்டிக்காரன் ஒரு பொய் சொல்றான்" என்றேன். "சிவப்பு வரக் கூடாதுன்னு நீங்கதான் மாத்தச் சொன்னீங்களாம்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடியும் மௌனமா என்று எனக்குப் பகீரென்றது.

"பொய் இல்ல. நான்தான் சொன்னேன்."

"நீங்களா? ஏன்?"

"சிவப்பு வந்தா நீ கூப்பிடுவ."

"கூப்பிடாம? அதுதானே என் வேலை!"

"கூப்பிடு, வேணாம்னு யாரு சொன்னா? நீ கூப்பிடுவ, நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன், பதில் சொல்வேன். அப்புறம் நீ நம்ப மாட்ட. ஊரே கேக்கும்." குழாயைச் சரிசெய்துகொண்டார். "ஓடுறது எனக்குக் கஷ்டமே இல்ல. கடைசியில நீ கேக்கிறியே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிறுக்குத்தனத்துக்காக உயிரையே விட இருந்தாரே என்ற கோபம். கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. எதைத் திருப்பிக் கேட்பது? வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்த கேள்வி என்னிடம் இல்லை. அவர் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் டீயோடு வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் யாருகிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம், டீயைக் கொடு" என்றார் அவர்.

பெட்டியைப் பழையபடி மாற்றினார்கள். மாற்றும்போது பெட்டிக்காரரின் தோளுக்குப் பின்னாலேயே நின்று, ஒரு ஒயரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லி, சிவப்பு வருகிறதா என்று என் கண்ணால் பார்த்தேன். வந்தது. இன்னொன்றைப் பிடுங்கச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் நல்ல மழை. ஷிப்ட் ஆரம்பித்ததுமே திரையில் சிவப்பு வரி எரிந்தது. நாலாம் அறை, பதில் இல்லை. வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"நாலாம் ரூம் பதில் இல்ல."

"பார்க்கிறேன்" என்றார்.

சிவப்பு போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனது. அந்த இடத்தில் எண் வந்து, அதன் கடைசி இலக்கம் ஆடத் தொடங்கியது.

"ஒயர் நனைஞ்சிருந்துச்சு. துடைச்சு மாட்டிட்டேன். கதவைத் திறக்கல, வெளியிலதான் நிக்கிறேன்."

அலைவரிசையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் வண்டியைக்கூட அணைத்துவிட்டார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தக் கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

"சரி" என்றேன்.

பிறகு அவர் குரல் வந்தது.

"நிஜமாவா?"